பொது மருத்துவமும் நம் வரிப்பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனையில் உயிர் பிழைத்து வந்தவர்கள், தங்களைப் பார்த்துக்கொண்ட டாக்டரையும் நர்ஸையும் ஆயுசுக்கும் மறப்பதில்லை. அதே மனிதர்களிடம் மருத்துவத்துக்காக வரியைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. நன்றி ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டோம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பொது மருத்துவ அமைப்பை உண்மையாகவே மதிக்கிறோம் என்றால், அதற்கு வருடாவருடம் தடையில்லாமல் போதுமான பணம் போய்ச் சேர வேண்டும். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பொது மருத்துவம் என்றால் இலவச மருத்துவம்தானே?

நோயாளி உள்ளே வரும்போது யாரும் பணம் கேட்பதில்லை, அவ்வளவுதான். அவருக்குப் போடும் ஊசிக்கும், எடுக்கும் எக்ஸ்ரேக்கும், இரவு முழுக்க எரியும் விளக்குக்கும் முன்கூட்டியே பணம் கட்டப்பட்டிருக்கிறது. கட்டியவர்களில் அந்த நோயாளியும் ஒருவர். வருமான வரி கட்டாத ஏழையும் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கட்டுகிறார். ஆகவே அங்கே வரிசையில் நிற்பவர் யாரும் தானம் கேட்டு வந்தவர் அல்லர். சீட்டு எழுதும் ஊழியர் முதல் துறை அமைச்சர் வரை எல்லோருக்கும் இது மனதில் பதிந்திருந்தால், பாதி அவமரியாதை தானாகவே குறைந்துவிடும்.

அந்தப் பணம் எந்த வழியில் வருகிறது?

பெரிய வழிகள் இரண்டு. முதலாவது, சம்பளத்தில் பிடிப்பது. 1883ல் ஜெர்மனியில் அன்றைய சான்சலர் பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டம் இதற்கு முன்னோடி. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து ஒரு நோய்க்கால நிதிக்குப் பணம் கட்டுவார்கள். தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளியுடையது. இன்று அங்கே இருவருக்கும் சரிபாதி.

இரண்டாவது, பொது வரியிலிருந்து நேராகச் செலவழிப்பது. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை இப்படித்தான் தொடங்கியது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன். கனடாவில் சஸ்காச்சுவான் என்ற ஒரே ஒரு மாகாணம் 1962ல் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. டாக்டர்கள் எதிர்த்து 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் நின்றது, சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவியது. சந்தா வசூலித்து நடத்தும் தைவானும் 1995ல் சிதறிக் கிடந்த காப்பீடுகளை ஒரே நிதியாக்கியது.

கூலி வேலையும் சிறு தொழிலும் செய்பவர்களே அதிகமாக இருக்கும் நாட்டில் சம்பளப் பிடித்தம் பாதிப் பேரைக்கூட எட்டாது. மாதச் சம்பளமே இல்லாதவரிடம் எதைப் பிடிப்பது? இதனால்தான் தாய்லாந்து 2002ல் அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் காப்பீட்டிலும் வராத எல்லோரையும் பொது வரிப்பணத்திலேயே சேர்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட நாடுகளுக்கு இதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

தனி வரிகளும் உண்டு. கானா மதிப்புக் கூட்டு வரியோடு 2.5 சதவீதம் சேர்த்து வாங்கி அதைச் சுகாதாரக் காப்பீட்டுக்குக் கொடுத்தது. பிலிப்பைன்ஸ் 2012ல் புகையிலை, மது வரிகளை உயர்த்தி, கூடுதல் வருவாயில் பெரும்பகுதியை மருத்துவத்துக்கு ஒதுக்கியது. நல்ல யோசனைதான், ஆனாலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். தனி வரியில் ஒரு தொகை வருகிறது என்று காட்டிவிட்டு, வழக்கமாக ஒதுக்கும் பணத்தை நிதித்துறை அதே அளவுக்குக் குறைத்துவிடலாம். அப்படி நடந்தால் மருத்துவமனைக்குப் புதிதாக ஒன்றும் வராது.

நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. நான் ஏன் கட்ட வேண்டும்?

பிறந்த அன்று போயிருப்பீர்கள். அல்லது ஒரு மருத்துவச்சியோ நர்ஸோ உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகள் உங்கள் நினைவில் இருக்காது, உடம்பில் இருக்கும்.

மனிதருக்கு மருத்துவச் செலவு அதிகம் வருவது பிறந்த புதிதிலும், பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றின்போதும், பிறகு முதுமையிலும். சம்பாதிக்கும் வயதில் பெரும்பாலானோருக்குச் செலவு குறைவு. அப்படியானால் இன்று நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பெரிய பங்கு, கடந்துபோன உங்கள் குழந்தைப் பருவத்துக்கும் வரப்போகும் உங்கள் முதுமைக்கும்தான் போகிறது. மீதி, விபத்திலோ புற்றுநோயிலோ சிக்கியவருக்கு. அடுத்தது யாருக்கு என்று எவருக்கும் தெரியாது என்பதால்தான் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறோம். ஆரோக்கியமானவர்கள் விலகிவிட்டால் நோயாளிகள் மட்டும் உள்ள நிதிதான் மிஞ்சும். தலைக்கு விழும் தொகை ஏற ஏற, இன்னும் கொஞ்சம் பேர் விலகுவார்கள். விருப்பப்பட்டவர் சேரலாம் என்ற காப்பீடுகள் பல இந்த இடத்தில்தான் தடுமாறின.

சின்னதாக ஒரு கட்டணம் வைத்தால் தேவையில்லாமல் வருபவர்கள் குறைவார்களே?

இந்தக் கேள்வியை நல்ல எண்ணத்தோடு கேட்பவர்களே அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும், உண்மை. யார் குறைவார்கள் என்பதுதான் விஷயம். 1970களில் தொடங்கி 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழுக்க இலவச மருத்துவம், மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கு சொந்தக் கையிலிருந்து என்று வைத்தார்கள். கையிலிருந்து கட்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை; தேவையானதையும் ஏறத்தாழ அதே அளவு குறைத்தார்கள். ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதனால் கேடு விளைந்தது. நெஞ்சில் வரும் வலி வாயுவா மாரடைப்பா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே அவர் டாக்டரிடம் வருகிறார்.

உகாண்டா 2001ல் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை எடுத்துவிட்டது. வருபவர்கள் கூடினார்கள், முக்கியமாக ஏழைகள். அதுவரை அவர்கள் வீட்டிலேயே நோயோடு கிடந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? கூடவே சில இடங்களில் மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. கட்டணத்தை எடுக்கும் அரசு, வரப்போகும் கூட்டத்துக்கான பணத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அறிவிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கொடுக்காவிட்டால் திட்டு வாங்குவது மருந்துக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்.

தாய்லாந்தின் திட்டம் ஒரு முறை வருகைக்கு 30 பாட் என்று தொடங்கியதால், மக்கள் இன்றும் அதை அந்தப் பெயரிலேயே சொல்கிறார்கள். 2006ல் அந்தக் கட்டணத்தை எடுத்தார்கள், 2012ல் மறுபடி வைத்தார்கள். பிரிட்டனில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வந்தபோது, அதை எதிர்த்து 1951ல் பெவன் பதவியையே விட்டார். மறு வருடம் மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் வந்தது. பிறகு வேல்ஸ் 2007லும், வட அயர்லாந்து 2010லும், ஸ்காட்லாந்து 2011லும் மருந்துச் சீட்டுக் கட்டணத்தைக் கைவிட்டன. இங்கிலாந்தில் மட்டும் தொடர்கிறது. அங்கேயும் குழந்தைகள், முதியவர்கள், ஏழைகள் என்று ஏகப்பட்ட விலக்குகள். அத்தனை விலக்கு கொடுத்த பிறகு வசூலாவது என்ன, அதை வசூலிக்க ஆகும் செலவு என்ன என்று கணக்குப் பார்த்தால், நோயுற்ற நேரத்தில் கட்டணம் கேட்பது வருமானத்துக்கு ஏற்ற வழியே அல்ல என்பது புரியும்.

வசதியுள்ளவர்கள் தனியாரிடம் போகட்டும், அரசு மருத்துவமனை ஏழைகளுக்கு மட்டும் இருக்கட்டும் என்றால் என்ன தவறு?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழைகள் மட்டும் போகும் இடமாக ஒரு மருத்துவமனை ஆகிவிட்டால், அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் மேலே உள்ள யார் காதிலும் விழாது. நீதிபதியின் தாயும் தெருக்கூட்டும் தொழிலாளியின் தாயும் ஒரே வார்டில் படுத்திருந்தால் அந்த வார்டின் கழிப்பறை சுத்தமாக இருக்கும். வசதியுள்ளவர் அந்த அமைப்பைப் பயன்படுத்தும்வரைதான் அதற்கு வரி கட்ட மனசோடு இருப்பார். கனடா 1984ல் கொண்டுவந்த சட்டத்தில், திட்டத்துக்குள் வரும் சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் வாங்கவிட்டால் மாகாணத்துக்குப் போகும் மத்திய நிதி குறையும் என்று எழுதி வைத்தது. இரண்டு வரிசை உருவாகக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

செலவு வருடாவருடம் ஏறிக்கொண்டே போகிறதே, இதற்கு முடிவே இல்லையா?

ஏறத்தான் செய்யும். மக்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், புது மருந்துகள் வருகின்றன. அதோடு, மருத்துவம் மனிதர்களின் நேரத்தால் நடப்பது. வில்லியம் பாமால் என்ற பொருளியலாளர் 1960களிலேயே இதை விளக்கினார். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு ஆள் பத்து ஆள் வேலை செய்வார்; அங்கே சம்பளம் உயரும்போது மற்ற துறைகளிலும் உயர்த்தியே ஆகவேண்டும், அங்கே வேலையின் வேகம் கூடாவிட்டாலும்கூட.

பக்கவாதத்தில் அசைய முடியாமல் கிடக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க அவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடிக்க, மற்றவர் விரிப்பின் சுருக்கத்தை நீவி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்த்து, முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரவு 2 மணிக்கும் இதைச் செய்ய வேண்டும், 4 மணிக்கும் செய்ய வேண்டும். இந்த வேலையை வேகப்படுத்த முடியாது. ஆளைக் குறைத்தால் புண் வரும், புண் வந்தால் சீழ் பிடிக்கும், பத்து நாளில் வீடு போக வேண்டியவர் மாதக்கணக்கில் படுத்திருப்பார். நர்ஸ் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் பிடித்தோம் என்று எந்த அரசாவது சொன்னால், அந்த மிச்சம் யாருடைய முதுகில் எடுத்தது என்று கேளுங்கள்.

வீணடிப்பும் ஊழலும் நிறைந்த இடத்துக்கு ஏன் இன்னும் பணம் கொட்ட வேண்டும்?

வீணடிப்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனமே 2010ல், மருத்துவத்துக்குச் செலவாகும் பணத்தில் 20 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்று மதிப்பிட்டது. அது அரசுத் துறைக்கு மட்டும் சொன்னதல்ல, தனியாரும் சேர்த்துத்தான். தேவைக்கு மேல் விலை கொடுத்து வாங்கும் மருந்து, தேவையில்லாத சோதனை, அவசியமில்லாமல் நீளும் படுக்கை நாட்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

ஆனால் வீணடிப்பைத் தடுக்கவும் பணமும் ஆளும் வேண்டும். 1994ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதற்கு நல்ல சான்று. மருத்துவமனைகள் தனித்தனியாக மருந்து வாங்குவதை மாற்றி, மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டரில் வாங்கினார்கள். வரும் மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம் பார்த்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல் ஒரு பாஸ்புக் கொடுத்து, எவ்வளவு மருந்து எடுத்தது, எவ்வளவு பாக்கி என்று அதிலேயே பதிந்தார்கள். விலை இறங்கியது, இருப்பு ஒழுங்கானது, வேறு மாநிலங்களும் அந்த வழியில் வந்தன. கிடங்கும் கணினியும் ஆய்வகமும் இல்லாமல் இது நடந்திருக்காது. திருட்டு நடக்கிறது என்று சொல்லிக் காவலாளியின் சம்பளத்தை வெட்டுவதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன, அதுவும் வீண்தானே?

இல்லை. கட்டில்கள் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினாலே நெருக்கடி தொடங்கிவிடும் என்பது மருத்துவமனை நிர்வாகத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதற்கு மேல் போனால் அவசரப் பிரிவில் வந்தவர் நடைபாதையில் காத்திருப்பார், தொற்று பரவும். ஒரு பேருந்து கவிழ்ந்த இரவில் அந்தக் காலிக் கட்டில்கள்தான் உயிர் காக்கும்.

தடுப்புப் பணிக்கு இவ்வளவு செலவா? நோயே இல்லையே?

நோய் இல்லாததே அந்தச் செலவின் பலன். சிக்கல் என்னவென்றால், வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அறுவை சிகிச்சை செய்தவருக்குக் கும்பிடு கிடைக்கும். கொசு ஒழிப்புப் பணியாளருக்கு அது கிடைப்பது அபூர்வம். அதனால் நிதி வெட்டு வந்தால் முதலில் கை வைப்பது இங்கேதான்.

இலங்கையில் 1963ல் நாடு முழுக்கப் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். ஒழித்தாயிற்று என்ற நம்பிக்கையில் மருந்து தெளிப்பதும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969ல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. அதன் பிறகு மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற 2016 வரை ஆயிற்று. இந்த மூன்று வருடங்களையும் எல்லா நிதியமைச்சர்களும் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தடுப்பூசிக் குப்பி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் எதற்குச் செலவாகிறது என்பது தெரியும். பல குப்பிகளின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் மெல்லக் கருக்கும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்தக் குப்பியை யாருக்கும் போடக் கூடாது. கிராமத்து நர்ஸ் ஊசியை உறிஞ்சும் முன் அதைப் பார்க்கிறார். அந்தச் சதுரம் வெளிறியே இருக்க, தொழிற்சாலையிலிருந்து கடைசி ஊர் வரை குளிர்பெட்டியும் மின்சாரமும் வண்டியும் டீசலும் ஆளும் வேண்டும். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி. ஒரு இடத்தில் விட்டாலும் மொத்தமும் போயிற்று.

ஊழியர்களுக்கு நன்றியை எப்படிக் காட்டுவது?

கொரோனா காலத்தில், 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு இந்தியாவில் கை தட்டினார்கள். பிரிட்டனில் அந்த மாதக் கடைசியில் தொடங்கிப் பத்து வாரம், வியாழக்கிழமை இரவு 8 மணிக்குத் தட்டினார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். களைத்துப்போயிருந்த பலருக்கு அந்த ஓசை தெம்பாக இருந்தது. ஆனால் மறு வருடம் மார்ச்சில் பிரிட்டன் அரசு இங்கிலாந்தில் அதே ஊழியர்களுக்கு 1 சதவீதச் சம்பள உயர்வை முன்மொழிந்தது. எதிர்ப்பு கிளம்பி, ஜூலையில் 3 சதவீதம் ஆக்கினார்கள். கை தட்டியவர்களில் பலர் அந்த எதிர்ப்பில் சேர்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

தனிப்பட்ட முறையில் செய்யக்கூடியதும் உண்டு. உங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, என்ன செய்தார் என்பதோடு அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அது பணிக் கோப்பில் ஏறும். துப்புரவுப் பணியாளரையும் ஆய்வகத்தில் இருப்பவரையும் மறக்காதீர்கள்; அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முடிந்தால் ரத்தம் கொடுங்கள். வர முடியாது என்றால் முன்பதிவை ரத்து செய்யுங்கள், இன்னொருவருக்கு அந்த நேரம் கிடைக்கும். ஒப்பந்த ஊழியர்கள் நிரந்தரம் கேட்டுத் தெருவில் நிற்கும்போது ‘நோயாளிகளுக்கு இடைஞ்சல்’ என்று மட்டும் பேசாமல், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நின்று கேளுங்கள்.

நன்கொடையாகக் கருவி வாங்கித் தரலாமா?

தரலாம், கேட்டுவிட்டுத் தாருங்கள். உதிரி பாகம் கிடைக்காத, இயக்கத் தெரிந்தவர் இல்லாத, பராமரிப்புக்குப் பணம் இல்லாத கருவி மூலையில் தூசி படிந்து கிடக்கும். நன்கொடை ஒரு கட்டடத்தைத் திறக்க உதவும். முப்பது வருடம் அதில் நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க வரியால்தான் முடியும்.

குறை சொன்னால் அமைப்பைப் பலவீனப்படுத்துவதாகாதா?

ஆகாது. அக்கறை உள்ளவர்கள்தான் குறை சொல்வார்கள். எந்த நாள், எந்தப் பிரிவு, என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். ஒரே நர்ஸ் எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதுங்கள். பாதிக் குறைகளுக்கு விடை அந்த எண்ணிலேயே இருக்கும், அந்த நர்ஸைத் திட்டுவதால் அந்த எண் மாறாது.

பணக்கார நாடுகளுக்குத்தானே இதெல்லாம் முடியும்?

பிரிட்டன் இதைத் தொடங்கியது போரில் நொடிந்து, உணவுக்கே ரேஷன் இருந்த காலத்தில். தாய்லாந்து தொடங்கியது 1997ன் பொருளாதாரச் சரிவு வந்து ஐந்தே வருடத்தில். கோஸ்டா ரிகா 1941ல் சமூகப் பாதுகாப்பு நிதியை அமைத்தது, 1948ல் ராணுவத்தையே கலைத்தது, 1990களில் டாக்டரும் நர்ஸ் உதவியாளரும் வீடு வீடாகப் போகும் பணியாளரும் அடங்கிய குழுக்களைப் பகுதிவாரியாக அமர்த்தியது. அங்கே சராசரி ஆயுள் அமெரிக்காவுக்குக் குறையாதது. அமெரிக்காவோ தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழித்தும், 2 கோடிக்கும் அதிகமானோர் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள். பணத்தின் அளவோடு, அது எந்த வழியில் சேர்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு, அரசின் மருத்துவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதமாவது இருக்கட்டும் என்று வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகள் 2001ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதம் ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்தன. பெரும்பாலானவை இன்னும் அதை எட்டவில்லை.

பட்ஜெட் வரும் நாளில் எதைப் பார்க்க வேண்டும்?

‘வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்ற தலைப்பைத் தாண்டிப் போங்கள். விலைவாசி 6 சதவீதம் ஏறிய வருடத்தில் ஒதுக்கீடு 4 சதவீதம் ஏறினால் அது வெட்டுதான். போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு உண்மையில் செலவானது என்று பாருங்கள். ஒதுக்கிவிட்டுக் கடைசி மாதம் வரை விடுவிக்காமல் வைத்திருப்பது பழைய வழக்கம். புதுக் கட்டடங்களுக்கான தொகைக்குப் பக்கத்திலேயே அவற்றில் வேலை செய்யப்போகும் ஆட்களின் சம்பளமும் இருக்கிறதா என்று தேடுங்கள். காலிப் பணியிடங்கள் எத்தனை என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை மறுபடி மறுபடி கேளுங்கள்.